வெள்ளி மருந்தும் சாயத் தண்ணியும்

1

போன செவ்வாய்க்கிழமை பல் ஆஸ்பத்திரியில் என் கீழ்வரிசை முன்பற்கள் நான்கையும் டாக்டர் ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, எல்லாம் உறுதியாக இருக்கின்றன என்றார். போன வருஷம் இதே மாதத்தில் அந்த நான்கையும் பிடுங்கிவிட நாள் குறித்திருந்தார்கள். எனக்கு வயது நாற்பது.

வெளியே வந்ததும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த கடையில் ஒரு பச்சை ஆப்பிள் வாங்கினேன். கழுவக்கூட இல்லை. கடித்தேன். கடித்த இடத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மறுபடி கடித்துவிட்டு மறுபடி பார்த்தேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, தன் பையைத் தூக்கிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். நிற்கட்டும். ஐந்து வருஷத்துக்குப் பிறகு கடித்த ஆப்பிள் அது.

வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுது என்று ஊரில் இருந்து கேட்கிறார்கள். பனியைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் என் ஈறைப் பற்றி எழுதுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு பத்து வருஷம் ஆகிறது. அந்தப் பத்து வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயம் வாய்க்குள்தான் நடந்தது.

2

எங்கள் வீடு இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் லயம் என்ற வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா, அதாவது கடைசி அறை. அம்மா கொழுந்து எடுத்தார். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனேன். அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது விட்டுப் போகும் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, தொட்டில் ஆட்டி, மூக்குத் துடைத்து ஒன்பது வருஷம் ஓடியது.

என் கணவர் பரமேஸ்வரன் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக வந்தவர். தோட்டத்துப் பெண்ணை அவர் கட்டியதில் அவர் வீட்டாருக்கும் மகிழ்ச்சி இல்லை, எங்கள் லயத்தாருக்கும் நம்பிக்கை இல்லை. தொண்ணூற்றேழில் அவர் இங்கிலாந்துக்கு வந்தார். இரண்டு வருஷம் கழித்து நானும் வந்து சேர்ந்தேன். இது வட இங்கிலாந்தில் ஒரு மழை ஊர். மழையைப் பற்றி இங்கே எல்லோரும் புலம்புவார்கள். எனக்கு அது ஒன்றுதான் பழகிய பொருளாக இருந்தது.

கணக்கு வாத்தியார் இப்போது ஒரு கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறார். நான் காலை ஐந்தரைக்கு ஓர் அலுவலகத்தைத் துடைத்துவிட்டு எட்டரைக்கு வீடு வந்து, மகள் மீராவைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன். மீரா இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தமிழில் பேசு என்று அதட்டினால், அதட்டியதற்கும் ஆங்கிலத்தில்தான் கோபித்துக்கொள்வாள்.

ஈறில் ரத்தம் வருவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. பல் துலக்கினால் சிவப்பு, பாண் ரொட்டியைக் கடித்தால் சிவப்பு. அது எல்லோருக்கும் உள்ளதுதான் என்றே நினைத்திருந்தேன். முன்பல் ஆடத் தொடங்கிய பிறகுதான் பயம் வந்தது. தெருமுனைப் பல் வைத்தியர் பார்த்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே ஒரு படிவம். வெற்றிலை போடுவீர்களா என்று முதல் பக்கத்திலேயே கேள்வி. இல்லை என்று குறித்தேன். டாக்டர் மறுபடி வாயால் கேட்டார். இல்லை என்றேன். தாதி ஒருத்தி, வெற்றிலையின் தீமைகள் என்று தமிழில் அச்சடித்த துண்டுத் தாளை அப்படியும் என் கையில் திணித்தாள். எனக்கு வந்த எரிச்சலில் அதை அங்கேயே குப்பையில் போட்டேன்.

இன்னொரு கேள்வி, நீங்கள் எந்த இனம் என்று. சிறிலங்கனுக்கு ஒரு கட்டம், இந்தியனுக்கு ஒரு கட்டம். தோட்டத்து ஆட்கள் என்பதால் ஊரில் என் பிறப்புப் பத்திரத்தில் இந்தியத் தமிழ் என்று இருக்கிறது. இந்தியாவை நான் பார்த்ததே இல்லை. 'மற்றவை' என்ற கட்டத்தில் குறி போட்டேன். எங்களுக்கு எந்த நாட்டிலும் அந்தக் கட்டம்தான்.

அன்று பள்ளி விடுமுறை என்பதால் மீராவும் வந்திருந்தாள். டாக்டர் வேகமாகப் பேசினால் அவள்தான் எனக்கு மொழிபெயர்ப்பு. பற்களைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது, கீழ் முன்பற்கள் நான்கையும் எடுக்க வேண்டியிருக்கும், பிறகு மேல்வரிசையும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். ஈறுக்கு மீராவுக்குத் தமிழ்ச் சொல் தெரியவில்லை. தன் வாயைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டினாள். அவளுக்கே அப்போது இரண்டு பால்பல் விழுந்து ஓட்டையாக இருந்தது.

"அம்மா, உங்க பல்லு நாலு விழும். உங்களுக்கும் புதுசு வருமா?" என்று கேட்டாள். அவள் முழுசாகத் தமிழில் கேட்ட கேள்வி அந்த மாதத்தில் அது ஒன்றுதான்.

3

அம்மாவுக்கு நாற்பது வயதில் பல் ஒன்றும் மிச்சமில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டு வருஷமாக அம்மா கன்னத்துக்குள் துணி சுருட்டி அடக்கிக்கொண்டு மலைக்குப் போனார். ஒரு பக்கம் வீங்கியிருக்கும். யாராவது கேட்டால் சொகமுங்க என்பார். தோட்டத்து மருந்துக் காம்பராவில் இருந்த மருந்துக்காரர், என்ன அது வீக்கம் என்று ஒரு தடவை நேரிலேயே கேட்டார். அதற்கும் சொகமுங்க ஐயா என்றுதான் பதில். வாயைத் திறந்து காட்டும் அளவுக்கு வந்தபோது எல்லாம் ஆடிப்போயிருந்தது. மிச்சமிருந்த ஏழு பற்களையும் ஒரே மாதத்தில் பிடுங்கினார்கள். அதற்குப் பிறகு அம்மா சிரித்தால் தலைத்துண்டின் நுனியை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொள்வார்.

ஏன் சொல்லவில்லை என்று வெளியாட்களுக்குப் புரியாது. காலையில் பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி நிற்கும்போது கணக்கப்பிள்ளை பெயர் பதிவார். பெயர் விழுந்தால்தான் அன்றைய வேலை, வேலை இருந்தால்தான் கூலி. உடம்புக்கு முடியவில்லை என்று மருந்துக்காரர் சீட்டில் எழுதிவிட்டால் அன்று பெயர் கிடையாது. அடிக்கடி எழுதினால் அந்த ஆளே வேலைக்கு லாயக்கில்லை என்று ஆகிவிடும். ஆகவே வெள்ளைச் சட்டை போட்டவர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்ல வேண்டும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைக் காம்பராவில் மூன்று வயதுப் பிள்ளைகூட, காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கும்போது, மருந்துக்காரரைப் பார்த்து ஒண்ணுமில்லைங்க என்று சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

வைத்தியத்துக்குப் போகாமல் வீட்டுக்குள் நாங்களே செய்துகொண்டது சாயத் தண்ணி. தொழிற்சாலையில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத் தூளைக் கறுக்கக் கறுக்கக் கொதிக்கவைத்து, உப்புப் போட்டு ஆறவிடுவோம். அதை ஒரு மடக்கு வாயில் வைத்து, நூறு எண்ணும்வரை அடக்கிக்கொண்டு நின்று துப்ப வேண்டும். துவர்ப்பில் வாய் இழுத்துப் பிடிக்கும், ரத்தம் நின்றுவிடும். எனக்குப் பத்து வயதில் அம்மா பழக்கியது. விமானம் ஏறிய அன்று காலையிலும் கொப்பளித்துவிட்டுத்தான் ஏறினேன்.

4

பல் பிடுங்க நாள் குறித்த பிறகுதான் டாக்டர் ஹெலன் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடி போட்ட, தூக்கமில்லாத முகம். புது மருந்து ஒன்றைப் பரிசோதிக்கிறோம், சம்மதமானால் சேரலாம், பிடுங்குவதைத் தள்ளிப்போடலாம் என்றார்.

அவர் விளக்கியது எனக்குப் புரிந்த அளவில் இதுதான். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. அதற்குள் கிருமிகள் கூட்டமாக ஒட்டி, தங்களுக்கு மேலே ஒரு வழுவழுப்பான படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. வாய் கொப்பளிக்கும் மருந்து அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போகாது. தேயிலைச் செடியின் தண்டில் பாசி பிடித்தால் மேலே தண்ணீர் ஊற்றிப் போகாதே, அந்த மாதிரி என்று நான் நினைத்துக்கொண்டேன். முதலில் அதைச் சுரண்டி எடுப்பார்கள். பிறகு அந்தப் பள்ளத்துக்குள் ஒரு களிம்பை ஊசிக்குழாயால் வைப்பார்கள். களிம்பில் இருப்பது வெள்ளி. ஒரு தலைமயிரின் குறுக்களவில் ஆயிரக்கணக்கில் அடுக்கி வைக்கலாம், அவ்வளவு பொடியான வெள்ளித் துகள். நானோ என்றார். படலத்துக்குள் நுழைந்து கிருமியின் தோலை ஓட்டை போட்டுவிடும் என்பது அவர்களுடைய எண்ணம்.

சேர்ந்தவர்களில் பாதிப்பேருக்கு வெள்ளி உள்ள களிம்பு, பாதிப்பேருக்கு வெள்ளி இல்லாத வெறும் களிம்பு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இதைக் கேட்டபோது கணக்கு வாத்தியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்று மாலை முழுக்க அந்த ஏற்பாட்டின் நேர்மையைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தார். பல் என்னுடையது என்று நான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

பதினாலு பக்கச் சம்மதப் படிவத்தை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தோம். பரிசோதனை முடியும்வரை ஆஸ்பத்திரி கொடுக்கும் பற்பசையைத் தவிர வேறு எதையும் ஈறில் பயன்படுத்தக் கூடாது. விதியை மீறுகிறவர்கள் விலக்கப்படுவார்கள். கையெழுத்துப் போட்டேன்.

களிம்பு வைத்துவிட்டு வந்தால் வாயில் இரும்பைச் சப்பிய மாதிரி ஒரு ருசி. ஈறும் கொஞ்சம் கசியும். வீட்டுக்கு வந்ததும் சாயத் தண்ணியைக் கொதிக்கவைத்தேன். தேயிலை என்ன மருந்தா, இந்த நாட்டில் எல்லோரும் குடிப்பதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படிச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன், அது சரியில்லை. இரண்டாவது தடவை போனபோது தாதி நேராகவே கேட்டாள், வீட்டு வைத்தியம் ஏதாவது செய்கிறீர்களா என்று. அவள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாள். என் வாய் தானாகவே, இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னது. அடுத்த தடவையும் அதற்கடுத்த தடவையும் அதுவே பதில். மீராவுக்கு மட்டும் தெரியும். சமையலறையில் அந்தப் போத்தலைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

5

ஆறாவது வாரம் கண்ணாடியில் பார்த்தேன். கீழ் முன்பற்களின் அடியில், ஈறு தொடங்கும் இடத்தை ஒட்டி, கறுப்பாக ஒரு கோடு. மை வைத்து வரைந்த மாதிரி நான்கு பல்லுக்கும் ஒரே கோடு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெலன் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து போய் இன்னும் இருவரைக் கூட்டி வந்தார். மூவரும் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள். வெள்ளி உடம்பில் சேர்ந்தால் தோலே நிறம் மாறிப்போவது உண்டாம், அப்படி ஈறுக்குள் இறங்கியிருந்தால் அந்தக் கறை போகாதாம். அவர் குரல் பதற்றமாக இருந்தது. இப்படி நடந்ததற்கு நாங்கள்தான் பொறுப்பு, உங்களைக் கைவிட மாட்டோம், காரணம் தெரியும்வரை உங்கள் பற்களை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். தாதி பக்கத்தில் இருந்து கேட்டாள், வழக்கம்போல. வேறு எதுவும் பயன்படுத்தவில்லையே?

இல்லை என்றேன்.

அன்றே பரிசோதனையை நிறுத்தி வைத்தார்கள். எனக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்.

அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனைக்குப் போய்க் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ரான் இருந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எனக்கு முன்னும் பின்னுமாக அவருக்கும் செவ்வாய்க்கிழமைதான் முறை, அதனால் முகம் பழக்கம். அன்று அவராகவே பேசினார். இருபது வருஷமாகத் தலையணையில் ரத்தம் பட்டுத்தான் எழும்புவாராம். இந்தக் களிம்பு வைத்த நாலாவது வாரத்தில் அது நின்றுவிட்டதாம். இப்போது யாரோ ஒரு பாவப்பட்ட மனுஷருக்கு வாய் கறுத்துப்போய்விட்டதாம், அதனால் களிம்பு இல்லையாம், மறுபடி கசியத் தொடங்கிவிட்டதாம். அவருக்கு என்னவோ, பாவம், அவருக்குச் சுகமாக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். கைக்குட்டையில் சிவப்பாக இருந்தது.

நான் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். அந்தப் பாவப்பட்ட மனுஷர் நான்தான் என்று அவருக்குத் தெரியாது.

6

நிலைமை இவ்வளவு தெளிவாக இருந்தது: பேசாமல் இருந்தால் தவறு மருந்தின் மேல் விழும், என்னை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் விதியை மீறியவள் நான். பெயரை எடுத்துவிடுவார்கள், பற்கள் போகும். ஒரு வாரம் சாயத் தண்ணியையும் விட்டுவிட்டேன், சோற்றையும் பாதி விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த இடத்தில் பரமேசிடம் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நாளைக்கே போய்ச் சொல்லிப்போட்டு வாரும்" என்றார். "உம்மட முரசு மட்டுமே முரசு? அந்த மனுசனுக்கும் வாய்தானே."

எனக்குக் கோபம் வந்தது. ஈறை முரசு என்று சொல்லும் அந்த யாழ்ப்பாண வாயின் மேலேயே கோபம் வந்தது. "உங்களுக்கு என்னங்க, லீவு போட்டாலும் சம்பளம் வந்துச்சு. பெரட்டுல நின்னு பேரு விழாம திரும்பி வந்திருக்கீங்களா? வந்திருந்தா இப்படிச் சொல்ல மாட்டீங்க" என்றேன்.

அவர் வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினார். பிறகு, "இல்லை. நான் நிண்டதில்லை. அது உண்மைதான்" என்றார். மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு, "ஆனா நீர் இப்ப அங்கை இல்லை, ராணி" என்றார்.

அது ஆறுதலாக இல்லை. பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்துடனேயே மறுநாள் போத்தலில் சாயத் தண்ணியை ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முறை நாள் இல்லை. வரவேற்பில் இருந்தவரிடம் டாக்டரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்றேன். முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் ஹெலன் வந்தார். போத்தலை மேசையில் வைத்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆங்கிலம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தேயிலை, உப்பு, தினமும் இரண்டு தடவை, களிம்பு வைத்த அன்றும், நான் பொய் சொன்னேன் என்று துண்டு துண்டாகச் சொன்னேன்.

அவர் போத்தலைத் திறந்து முகர்ந்தார். என்னை நாற்காலியில் சாய்த்தார். சின்னத் தூரிகையில் பசை தொட்டு ஒரு பல்லின் அடியில் சுழற்றினார். துப்பச் சொன்னார். கிண்ணத்தில் கறுப்பாக விழுந்தது. கண்ணாடியை என் கையில் கொடுத்தார். அந்த ஒரு பல்லின் அடியில் கோடு இல்லை. அதன் கீழே ஈறு ரோஜா நிறத்தில் இருந்தது, அப்படி ஒரு நிறத்தில் என் ஈறை நான் பார்த்ததே இல்லை.

டாக்டர் ஹெலன் முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை நீளமாக விட்டார். பிறகுதான் எனக்குப் புரிந்தது, அவரும் இத்தனை நாள் தூங்கவில்லை என்று. கறை ஈறுக்குள் இறங்கவில்லை, பல்லின் மேல் படிந்ததுதான். தேயிலைத் துவர்ப்பும் வெள்ளியும் சேர்ந்து அப்படிக் கறுத்திருக்கிறது. குடிப்பது வேறு, அவ்வளவு கடும் சாயத்தை நூறு எண்ணும்வரை வாயில் அடக்கி வைத்திருப்பது வேறு. அதைவிட வேடிக்கை, யாருக்கு எந்தக் களிம்பு என்று டாக்டருக்கே தெரியாத பரிசோதனையில், எனக்குக் கிடைத்தது வெள்ளி உள்ளதுதான் என்று என் சாயத் தண்ணி காட்டிக் கொடுத்துவிட்டது.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் கேட்டார். கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்கள் ஊரில் நோயைச் சொன்னால் அன்றைய கூலி போகும் என்றேன். அவருக்கு அது எட்டவில்லை. எனக்கும் அதற்கு மேல் விளக்க ஆங்கிலம் இல்லை.

பரிசோதனையில் இருந்து உங்கள் பெயரை எடுக்கத்தான் வேண்டும் என்றார். தெரியும் என்று எழுந்தேன். பையை எடுத்து, போத்தலை எடுத்து, கதவு வரைக்கும் போய்விட்டேன்.

"எங்கே போகிறீர்கள்?" என்றார். "பரிசோதனையில்தான் நீங்கள் இல்லை. உங்கள் வாய்க்கு இன்னும் நான்தான் டாக்டர். உட்காருங்கள், மற்ற மூன்று பல்லையும் சுத்தம் செய்ய வேண்டும்."

உட்கார்ந்தேன். அவர் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது என் கண்ணில் இருந்து தண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது. வலிக்கிறதா என்று கேட்டார். வாய் திறந்திருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

7

அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருஷம், சாதாரண நோயாளியாக, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்ச் சுரண்டி சுத்தம் செய்துகொண்டேன். என் பல்லைக் காப்பாற்றியது ஆறு வார வெள்ளியா, ஒரு வருஷச் சுரண்டலா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் ஹெலனும் தெரியாது என்றுதான் சொல்கிறார். என்னை வைத்து எதையும் சொல்ல முடியாது, அதற்குத்தான் மற்றவர்கள் இருக்கிறார்கள் என்றார். பரிசோதனை மறுபடி தொடங்கி நடந்தது. ரானை ஒரு நாள் வாசலில் பார்த்தேன். அந்தப் பாவப்பட்ட மனுஷர் நான்தான் என்று சொன்னேன். சத்தம் போட்டுச் சிரித்தார். படிவத்தில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது, தேயிலைச் சாயத்தால் வாய் கொப்பளிக்கக் கூடாது என்று. இந்த நாட்டு அச்சில் என்னால் ஏறிய ஒரே வரி அது. மீரா அதைத் தன் சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொல்லித் திரிகிறாள், ஆங்கிலத்தில்தான்.

ஆப்பிள் கடித்த செவ்வாய்க்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே சாயங்காலம். தம்பியின் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு அம்மா லயத்துக்கு மேலே, சிக்னல் கிடைக்கும் பாறையடிக்கு ஏறி வருவார். எப்படி இருக்க என்றேன். சொகம் என்றார். நீ எப்படி இருக்க என்றார். சொகம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பல் ஆடியது, நாலையும் பிடுங்க நாள் குறித்தது, வெள்ளிக் களிம்பு, கறுப்புக் கோடு, பொய், போத்தல். இதுவரை அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"இருக்கேன்" என்றார். பிறகு, "ராணி, நீ காசு அனுப்பிக் கட்டுன பல்லு செட்டு இருக்குல்ல" என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன் தம்பி அம்மாவை நுவரெலியாவுக்குக் கூட்டிப் போய்ப் பல் செட்டு கட்டிக்கொடுத்தான். தம்பி கல்யாணப் படத்தில் அம்மா அதைப் போட்டுக்கொண்டு சிரிக்கிறார், வாய்க்குக் குறுக்கே துணி இல்லாமல். அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். எப்படி இருக்கிறது பல் என்று நான் கேட்கும்போதெல்லாம் நல்லா இருக்கு, முறுக்குக்கூடத் திங்கிறேன் என்பார்.

"அத போட்டோவுக்குத்தான் போட்டேன். அதுக்கப்புறம் டப்பாவுலதான் கெடக்கு. நீ கஷ்டப்பட்டு அனுப்புனது, எப்படிச் சொல்றதுன்னு இருந்துச்சு" என்றார். "வலிக்குது ராணி. போட்டா ரொம்ப வலிக்குது."

நாற்பது வருஷத்தில் அம்மா வாயில் இருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. பிரசவத்தில் கத்தியதில்லை, அட்டை கடித்துக் கால் வீங்கியபோது சொன்னதில்லை, ஏழு பல் பிடுங்கிய மாதத்தில் சொன்னதில்லை. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கோபப்பட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. செட்டை ராவிச் சரிசெய்யலாம், அது ஒன்றும் பெரிய வேலை இல்லை, தம்பியை இந்த வாரமே கூட்டிப்போகச் சொல்கிறேன் என்றேன். டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அம்மா கேட்டார். இப்போது என்னிடம் சொல்வதை அப்படியே சொல் என்றேன்.

எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டேன். இடது பக்கம் என்றார். மேலேயா கீழேயா என்று கேட்டேன். கீழே, உள்பக்கமாக, நாக்குப் படும் இடத்தில் என்றார். எதைச் சாப்பிட்டால் அதிகம் என்று கேட்டேன். ரொட்டி என்றார். வேறு எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டேன். முழங்கால் என்றார். சொல்லு என்றேன். பாறையில் உட்கார்ந்துகொண்டு அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.